மலைப் பாதையில் வானை மறித்தது யார்

சண்டை கொஞ்சம் ஓய்ந்து, பாதை திறந்திருந்த காலம். மகன் கிண்ணியாவில் சாரதியோடு ஒரு வான் பிடித்து வந்து, "அம்மா, மலைநாட்டைப் பார்த்திட்டு வருவம். அவசரமில்லை, நிண்டு நிண்டு போவம்" என்றான். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் மேடுகளைத் தவிர வேறு மலை பார்க்காதவள் நான். மகனும் மருமகளும் நடுச் சீட்டில் ஏற, நான் முன் சீட்டில் ஏறி இருந்துவிட்டேன்.

சாம்பல்தீவில் இருந்து மச்சாளும் வந்தார். என் புருசனின் அக்கா. கல்யாணம் முடித்த புதிதில் ஒருதரம் கண்டிக்குப் போனவர். அதைச் சொல்லிச் சொல்லியே கிழவியானவர். பின்னாலிருந்து தொடங்கினார்.

"உமக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது மச்சாள். வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். மோந்து பாக்கத் தேசிக்காய் எடுத்தனீரோ?"

"வாடைக்காத்துக்குள்ள வள்ளத்தில மூதூருக்குப் போய் வந்தனான். எனக்கென்ன சத்தி? நீங்கள்தான் கவனம்."

"அப்ப பாப்பம். ஆர் முதல்ல வானை நிப்பாட்டச் சொல்லுறாவோ, திரும்பி வரேக்க அவ பின் சீட்டு."

"ஓம், பாப்பம்."

சொன்ன சொல்லை விழுங்கிப் பழக்கமில்லை எனக்கு.

கண்டி தாண்டும்வரை சுகமாகப் போனது. முகில் வந்து கண்ணாடியைத் தொட்டது. தேயிலை, தலை வாரி உச்சி பிரித்ததுபோல வரிவரியாக இருந்தது. அருவி கண்ட இடமெல்லாம் மகன் நிறுத்தச் சொன்னான். அது பந்தயத்தில் சேராது. பிறகு அட்டன் பாதை. ஒரு வளைவு முடிய மற்ற வளைவு. வான் ஏற ஏற என் வயிறும் ஏறியது. தேசிக்காயை உள்ளங்கைக்குள் ஒளித்து வைத்திருந்தேன், மோந்து பார்த்தால் மச்சாள் கண்டுவிடுவார். பின்னால் அவரின் கதையும் நின்றுபோயிருந்தது.

இன்னும் ஒரு வளைவு வந்தால் வாயைத் திறந்துவிடுவேன் என்றிருந்த நேரம், பாதைக்குக் குறுக்கே தடி போட்டிருந்தது. வான் நின்றது. தடியைக் கண்டால் இறங்குவது ஊர்ப் பழக்கம். கதவைத் திறந்து, பையின் வாயை விரித்து, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கி வரிசையாக நடந்தோம். நான் முன்னால், எனக்குப் பின்னால் மச்சாள், மருமகள், மகன். சிறு குடிலின் வாசலில் பச்சைக் கொடியோடு ஒரு மனிதர் நின்றார். அட்டையை நீட்டினேன். என்னுடைய அட்டையில் கைநாட்டு இல்லை, கையெழுத்து. நீட்ட எனக்கு ஒருநாளும் கூச்சமில்லை. அவர் வாங்கி, அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எங்கள் கிண்ணியாச் சாரதி தலையை வெளியே நீட்டினான்.

"அம்மா, எங்க போறீங்க? அது அட்டை பாக்கிற ஆமிச் சென்றி இல்ல, கோச்சிக் கேட்டு!"

சொல்லி வாய் மூடவில்லை, தண்டவாளம் அதிரக் கோச்சி கூவிக்கொண்டு கடந்தது. யன்னலெல்லாம் தலைகள், பை விரித்து நிற்கும் எங்களைப் பார்த்துக்கொண்டு. மகன் சிரித்தான். மச்சாளும் சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே மாறி, தேயிலைப் பற்றைக்கு ஓடினார். தலையைப் பிடிக்கப் போன நானும் பக்கத்திலேயே குனிந்துவிட்டேன்.

கொடிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்து, அட்டையையும் இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீர்தான் முதல் இறங்கினது" என்றார் மச்சாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

"இறங்கினனான். வானை நிப்பாட்டச் சொன்னனானோ?"

"நானும் சொல்லேல்ல."

தோற்றவர் இல்லாதபடியால் பின் சீட்டுக்கும் ஆளில்லை. வரும்போது முன்னுக்கு இரண்டுபேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். ஊர் நெருங்க, குறுக்கே தடி போட்டிருந்தார்கள். மச்சாள் அசையவில்லை. கோச்சி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று எட்டிப் பார்த்தார்.

"இறங்குங்கோ மச்சாள்" என்றேன். "இது எங்கட ஊர்."