பர்மா தேக்கு பீரோவுக்கு ஏற்ற தரை

திருவேற்காட்டில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டில், படுக்கையறைக்கு மட்டும் மரத்தரை போட ஆசைப்பட்டேன். அந்த அறையில்தான் மாமனாரின் பர்மா தேக்கு பீரோ இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு ஆவடியிலிருந்து டெம்போவில் வந்த சீர். அதன் பெருமையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் காபி குடித்ததில்லை.

"தரை பீரோவுக்கு மேட்சா இருக்கணும் மாப்ள. நானும் வர்றேன்" என்றார் மாமனார்.

கலர் பார்ப்பதற்காக பீரோவின் இழுப்பறையையே கழற்றிக்கொண்டு பாடியில் ஒரு மரத்தரைக் கடைக்குப் போனோம். ஆட்டோவில் அது என் மடியில் இருந்தது. கீறல் விழாமலிருக்க அவருடைய துண்டு அதன்மேல்.

கடையில் ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டினார். "இன்னாய்யா இது, அட்டையாட்டம் கீது? சாயம் பூசி வச்சிகீறீங்க!" என்று அடுத்த அடுக்குக்கு நகர்ந்தார்.

கடைக்காரர் பூந்தமல்லி பாய், முன்பு தச்சு வேலை செய்தவர். இழுப்பறையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை நகத்தால் கீறி முகர்ந்தார். "சார், இது வேம்பு. மேல தேக்கு கலர் அடிச்சிகீறாங்க" என்றார் மெதுவாக.

பத்து வருடமாக அந்த பீரோவுக்கு அடங்கி நடந்தவன் நான். உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன். திரும்பினால், மாமனார் ஒரு பலகையைக் கண்ணருகே பிடித்து மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்கு மனசு வரவில்லை. "அவருக்குத் தெரிய வேணாம் பாய்" என்றேன்.

பாய் குரலை உயர்த்தினார். "ஐயா, இவ்ளோ ஒசந்த மரத்துக்கு அதே கலர்ல தரை போட்டா பீரோ அமுங்கிடும். வெளுப்பா ஓக் மரம் போடுங்க, பீரோ எடுப்பா தெரியும்."

"இவருக்குத்தான்யா மரம் தெரியும்!" என்றார் மாமனார்.

தரை போட்டு முடிந்த அன்று மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். புடவை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே பாலிஷ் போட்டவர் எங்கிட்ட சொல்லிட்டார். அதுக்குள்ள அப்பா பர்மா தேக்குன்னு ஆவடி முழுக்கச் சொல்லி முடிச்சிட்டார். இத்தனை வருஷத்துல என் பட்டுல ஒரு பூச்சி அரிச்சிருக்கா? விடுங்க."

அடுத்த ஞாயிறு மாமனார் நான்கு உறவினர்களோடு வந்தார். எல்லோரும் பீரோவைச் சுற்றி நின்று வியந்தார்கள். ஒருவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, காலால் தரையைத் தேய்த்துக் காட்டி, "இது நெஜமா மரந்தானா தம்பி? ஏமாந்துடலியே?" என்று கேட்டார். பில்லை எடுத்துக் காட்டினேன்.