அரிசிதான் என்றேன்

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பதால் அவையும் கூடாது. எட்டு வயதுதான் என்றாலும், யார் எதைக் கொடுத்தாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

நான் பட்டுத்தறி நெய்பவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. போன ஆடியில் முதலாளி வீட்டுப் பூஜைக்கு அவளையும் கூட்டிப் போனேன். முதலாளியம்மா அவள் கையில் கேசரி வைத்தார்.

"இவளுக்கு இது ஆகாதும்மா," என்று முனகினேன்.

"ஏம்பா, சாமிக்குப் படைச்சது ஆகாதா, இல்ல எங்க வூட்டுதே ஆகாதா?" என்று சிரித்தார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பே கூசிப்போனது.

மகள் மெதுவாகக் கேட்டாள். "ரவையாப்பா?"

"அரிசிதாம்மா. சாப்பிடு."

மறு பேச்சில்லாமல் சாப்பிட்டாள்.

வீடு திரும்பியதும் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டாள். "இன்னா குடுத்தீங்க புள்ளைக்கு?" என்று மனைவி என்மேல் பாய்ந்தாள். நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "அப்பாவைத் திட்டாதம்மா. அரிசின்னு நெனச்சுக்கினாரு. அவருக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். ஐந்தாவதோடு நின்றவனுக்கும் ரவை தெரியும். அப்போதும் நான் பேசவில்லை.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், "இதுல கோதுமை இருக்குதா?" என்று நானே சத்தமாகக் கேட்டுவிடுகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று சொன்னது பொய் என்று மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றும் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள்.