ஐம்பதாயிரத்துக்குள் ஒரு பந்தய வண்டி

1. கேட்ட விலையும் கேட்காத செலவும்

“பாய், அம்பதாயிரத்துல ட்ரையத்லான் சைக்கிள் வருமா?”

கள்ளக்குறிச்சியில் நாற்பது ஆண்டுகளாக மிதிவண்டி விற்றும் பழுது பார்த்தும் வரும் என்னிடம் இப்படியொரு கேள்வியை அதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்டவர் அமுதா. ரிஷிவந்தியத்தைச் சேர்ந்தவர், கரியாலூர் சுகாதார நிலையத்தில் செவிலியர். முக்கால் கிலோமீட்டர் நீந்தி, கரையேறியதும் இருபது கிலோமீட்டர் வண்டி மிதித்து, இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். அப்படிப்பட்ட பந்தயம் ஒன்று புதுச்சேரியில் நடைபெற இருந்தது. கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவருக்கு அதில் ஓர் ஆசை பிறந்துவிட்டது.

உடன் வந்த கணவர் குமார் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். “சைக்கிளுக்கு அம்பதாயிரமா? என் ஆட்டோவ வித்தாலே அவ்ளோ தேறாது பாய்!”

“அந்த ஆட்டோவ டெய்லி தள்ளிக்கினு போறதே ட்ரையத்லான்தான். நீங்க சும்மா இருங்க” என்றார் அமுதா.

சீட்டு எடுத்ததில் கைக்கு வந்தது எண்பதாயிரம். அதில் முப்பதாயிரத்தை மழைக்கு முன் கூரை மாற்றத் தருவதாக மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். “அம்பதுக்கு மேல ஒத்த ரூபா போனாலும் வண்டியத் திருப்பிக் குடுத்துட்டு, பந்தயமே வேணாம்னு வந்துடுவேன் பாய்” என்று உறுதியாகச் சொன்னார்.

அதன் பின் தமது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கார்பன் சட்டம், கைப்பிடி மான்கொம்புபோல் முன்னால் நீண்டிருந்தது. விலை இரண்டு லட்சத்துக்கும் மேல்.

“இதோட பழசு எங்கனா கெடைக்குமா?”

“கெடைச்சாலும் வேணாம்மா. இத வாங்கிட்டா கண்ணாடி இல்லாம நீந்தணும், ஹெல்மெட் இல்லாம மிதிக்கணும்.”

முதற்பந்தயத்துக்கு வண்டி வாங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை, பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடுவது. ஆகவே நான் வண்டிக்கு முப்பத்தோராயிரம் என்று வரம்பு கட்டினேன். அலுமினியச் சட்டம், டிஸ்க் பிரேக், அவருடைய குள்ளமான உயரத்துக்கு ஏற்ற சிறிய அளவு. பெரிய அளவு வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் முதுகு வலியையும் சேர்த்து வாங்க நேரிடும். மீதிப் பணத்தில் ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, மூன்றுக்கும் ஒரே உடை, பம்பு, உபரி டியூப், நுழைவுக் கட்டணம், பயணச் செலவு. இறுதியாக, பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவும் அதற்கான பெடலும் ஆறாயிரத்து நானூறு. அந்த ஷூவை வற்புறுத்தியவன் நான்தான். கூட்டிப் பார்த்தோம், சரியாக ஐம்பதாயிரம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்று நான் அடைந்த பெருமிதத்தில் கடைத்தெருவுக்கே தேநீர் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

2. மலையிறக்கத்தில்

வண்டி வந்து சேர்ந்த முதல் ஞாயிறு கல்வராயன் மலையில் ஒரு வெள்ளோட்டம் என்று முடிவாயிற்று. அமுதா மிதித்து ஏற, நாங்கள் குமாரின் ஆட்டோவில் புளிச்சோற்றுடன் பின்தொடர்ந்தோம். நாங்கள் என்பதில் மாமியார் அஞ்சலையும் அடக்கம். அருவியைப் பார்க்க வருவதாகச் சொன்னாரே தவிர, தலையை வெளியே நீட்டி மருமகளை ஏவியபடியேதான் வந்தார். “மிதிடி! அந்தப் பால்காரன் உன்னத் தாண்டிக்கினு போறான் பாரு!”

ஏற்றம் நன்றாகவே முடிந்தது. இறக்கத்தில்தான் வினை வந்தது. முதல் வளைவில் முன்பிரேக் பன்றி அலறுவதுபோல் கத்தியதே ஒழிய, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை விடாமல் பிடித்தபடி, அமுதா சாலையோர மரவள்ளிக் கொல்லைக்குள் வண்டியைத் திருப்பினார். நாங்கள் ஓடிச் சென்று பார்க்கையில் செடிகளின் நடுவே நின்று, காதில் சிக்கியிருந்த இலையை எடுத்துக்கொண்டிருந்தார். சிறு கீறலும் இல்லை.

குனிந்து பார்த்தேன். பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டில் மங்கலான சிவப்புக் கறை. விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது.

“யாரும்மா இதுல எண்ணெ தடவுனது?”

அஞ்சலை சற்றும் தயங்கவில்லை. “நான்தான் பாய். புது வண்டிக்குப் பூசை போட வேணாமா? குங்குமம் ஒட்டலன்னு நல்லெண்ணெ தொட்டு வெச்சேன். அந்தத் தட்டுதான் சாமித் தட்டாட்டம் பளபளன்னு இருந்துச்சு. முன்னால மூணு பொட்டு, பின்னால ஒண்ணு.”

“எம்மா, பொட்டு வெக்க ஹேண்டில்பார் இல்லியா?” என்று குமார் தலையில் கைவைத்தார்.

“அதுக்கும் வெச்சேன்டா!”

அமுதா முதலில் சிரித்தார். பின்பு எல்லோருமே சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் என்னைப் பார்த்தார். “செலவு எவ்ளோ ஆவும் பாய்?”

தட்டுகளை ஸ்பிரிட் விட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை மாற்றியே ஆகவேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் ஆயிரத்து நூறு. என் கையிலிருந்து போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் இசையவில்லை. அவர் கணக்கில் அதுவும் ஐம்பதுக்கு மேற்பட்ட ரூபாயே. வண்டியை விற்றுத் தரும்படி என்னிடமே கேட்டுவிட்டார்.

“அந்தப் பூட்டுற ஷூவ இன்னா பண்ண?” என்றார் அஞ்சலை.

“பொட்டியிலதான் கீது அத்தை. பயமா இருந்துச்சு, இன்னும் போடல.”

“காலக் கட்டிப் போட்டுக்கினு எவளாவது வண்டி ஓட்டுவாளா? அத பாய்கிட்டயே குடுத்துடு. கூரைப் பணத்தத் தொடாத, சைக்கிளயும் விக்காத!”

அம்மையாரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஷூவும் பெடலும் பிரிக்காத பெட்டியிலேயே சென்னை மொத்த வியாபாரிக்குத் திரும்பிச் சென்றன. வண்டியோடு வந்த சாதாரணப் பெடலையே அப்படியே விட்டுவிட்டேன். கட்டை மாற்றிய பிறகு ஐயாயிரத்து முந்நூறு ரூபாய் மீந்தது.

3. புதுச்சேரி

பந்தயத்தன்று கடற்கரையில் நீச்சல் கண்ணாடியின் பட்டை அறுந்துவிட்டதாம். மீந்த பணத்தில் அங்கேயே வேறொன்று வாங்கினார்கள். பகல் பத்து மணியளவில் தொலைபேசி வந்தது.

“பாய், முடிச்சிட்டா! டயத்துக்குள்ள முடிச்சிட்டா!” என்று கூவினார் குமார். “மத்தவங்கெல்லாம் ஷூ மாத்திக்கினு குந்திக்கினு இருந்தாங்க. இவ ஒரே ஷூல மிதிச்சிட்டு அதோட எறங்கி ஓடிட்டா!”

அதற்குள் அஞ்சலை கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். “பாய், மெடலு தோசக்கல்லாட்டம் இருக்குது! வந்து பாருங்க!”

அதற்குப் பின்னும் பலர் பந்தய வண்டி கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய தொகை எதுவாயினும், பத்தில் ஒரு பங்கை முதலில் தனியே எடுத்து வைக்கச் சொல்கிறேன். வண்டிப் படங்களை அதன் பிறகே காட்டுகிறேன்.

“இது எதுக்கு பாய்?” என்று கேட்பார்கள்.

“இன்னும் தெரியாது” என்பேன்.