நூல் பிசகாத கையெழுத்து

கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்து சேர்ப்பதில் எனக்குப் பைத்தியம். வேலூரில் ஒரு மேட்ச் முடிந்ததும், கூட்டத்தில் முட்டிமோதி ஒரு பேட்ஸ்மேனிடம் நானே வாங்கியதுதான் என்னிடம் இருப்பதிலேயே உசத்தி. அதைக் கொடுத்தால், ஓய்வு பெற்ற பெரிய கேப்டன் ஒருவர் கையெழுத்திட்ட போட்டோவைத் தருவதாக ஆன்லைனில் ஒருவர் சொன்னார்.

கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். ஆரணியில் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் என் அக்காவும் துணைக்கு வந்திருந்தாள். நெட்டில் கிடைத்த கேப்டனின் கையெழுத்தைப் பிளாஸ்டிக் ஷீட்டில் பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன். போட்டோவின் மேல் வைத்தேன். அப்படியே பொருந்தியது! நாங்கள் நெசவுக் குடும்பம். இரண்டு பக்க பார்டரும் நூல் பிசகாமல் ஒத்திருந்தால்தான் சேலை தேறும். அதே கண்ணோடு பார்த்து, "ஒரிஜினல்தாங்க!" என்று குதித்தேன்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், போன வாரம் பேங்க்ல உன் கையெழுத்தே ஒத்து வரலன்னு திருப்பி அனுப்பினாங்களே, மறந்துட்டியா? டிசைன்தான்டா அச்சா திரும்ப வரும். மனுஷன் கை எப்படிடா வரும்?"

தூக்கிவாரிப் போட்டது. என் வேலூர் கையெழுத்து இருந்த உறையைப் பைக்குள் தள்ளிக்கொண்டு, அவரிடம் "நெட்ல இருக்கறதையே பிரின்ட் போட்டுக் கொணாந்தீங்களா?" என்றேன்.

"சும்மா பேஜார் பண்ணிகினு... வேணான்னா வுடுங்க!" என்றபடி அவர் வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இப்போதெல்லாம் எதையும் வாங்கும் முன் அதே வீரரின் வேறு நாலைந்து கையெழுத்துகளோடு ஒப்பிடுகிறேன். எதனோடாவது அச்சாகப் பொருந்தினால் வாங்குவதில்லை. என் வேலூர் கையெழுத்தில், பின்னாலிருந்து யாரோ இடித்ததில் கடைசி எழுத்து வழுக்கிப் போயிருக்கும். முன்பு அது குறையாகத் தெரிந்தது. இப்போது யார் கேட்டாலும் அதைக் கொடுப்பதாக இல்லை.