பாலத்தைத் தாண்டாத அன்ரி

என் பக்கத்தில் இருக்கும் அன்ரி மனுசி இல்லை, ஜின் என்ற எண்ணம் எனக்கு வந்தது, பஸ் வில்பத்துக் காட்டை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரத்தில். அதுவும் ஒரே ஒரு சொல்லால் வந்தது. “இடப்பக்கம்” என்றார் அவர்.

அந்தச் சொல் எங்கே விழுந்தது என்று விளங்க, நாங்கள் எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சண்டை முடிந்து இரண்டாம் வருசம். புத்தளத்திலிருந்து காட்டு வழியாக மன்னாருக்கு பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. உம்மா தன் வீட்டைப் பார்க்கப் போகிறார், இருபது வருசத்துக்குப் பிறகு. உம்மாவின் சனம் முழுக்க, முஸ்லிம்கள் என்று புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். நான் அங்கே பிறந்தவள், அந்த வீட்டைக் கண்ணால் கண்டதில்லை. வீடு இருந்தால் திரும்பிப் போய்விடுவோம். இல்லாவிட்டால் கற்பிட்டி வீதியோரத்துக் கிடுகு வேலிக்குள்தான். பள்ளிக்கூடத்தில் “அகதிப் புள்ளைகள் அந்தப் பக்கம்” என்று பிரித்து நிறுத்தும் வரிசையில்தான். எனக்கு அந்த வரிசை அலுத்துவிட்டது. வீடு இருக்க வேண்டும் என்று ஒரு மாதமாக ஐந்து நேரமும் தொழுதேன். சுபஹுக்கு எழுப்பாமலே எழும்பியதைப் பார்த்து உம்மாவின் அண்ணன், என் மாமா, எனக்குக் காய்ச்சல் என்றே நினைத்தார்.

கண்ணால் காணவில்லை என்றாலும் அந்த வீடு எனக்கு மனப்பாடம். எங்கள் பெண்கள் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குத் தாள் அரிவார்கள். அரிந்துகொண்டே யாராவது ஒருத்தி, “வாங்க, ஊருக்குப் போவோம்” என்பாள். உடனே எல்லோரும் வாயாலேயே நடக்கத் தொடங்குவார்கள். பெரிய பள்ளிவாசல் தாண்டியாச்சு, தையல் கடை வந்தாச்சு, முதலாவது ஒழுங்கைக்குள் திரும்பு, இன்னார் வீட்டு முற்றத்தில் மாதுளை, தலையைக் குனி. ஒவ்வொரு நாளும் ஒருத்தியின் வீட்டுக்குள் போய், தேத்தண்ணி குடித்துவிட்டு வெளியே வருவார்கள். தையல் கடை முதலா, மருந்து விற்கும் பாமசி முதலா என்று சண்டை பிடித்து இரண்டு பேர் ஒரு கிழமை கதைக்காமலே வெங்காயம் அரிந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய்க் குந்திக்கொள்வேன். கொஞ்ச நாளில் பெரியவர்களுக்கு வழி தவறினால் நான்தான் திருத்துவேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. உம்மாவுக்குப் பின்னால் ஒரு கதிரை கிடைத்தது. காணி உறுதிப் பத்திரம் இருந்த பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். என்னை முன்னால் இருந்த ஓர் அன்ரி கூப்பிட்டு யன்னல் ஓரத்தில் இருத்திக்கொண்டார். நெற்றியில் பொட்டு, மடியில் ஆஸ்பத்திரித் துண்டுகள் நிறைந்த ஒரு பை. மெலிந்த முகம். தோடம்பழ இனிப்பு ஒன்று தந்தார்.

“எங்க பிள்ளை போறீங்கள்?”

“எங்கட ஊட்டுக்கு.”

“அது எங்க இருக்கு?”

என்னிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு அவரை பஸ் நிலையத்தில் இறக்கி, பெரிய பள்ளிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், மூன்றாவது ஒழுங்கைக்குள் திருப்பினேன். பச்சைக் கேற்றைத் திறந்தேன். மாமா சைக்கிளோடு விழுந்து உடைத்த நடுப் படியைக் காட்டினேன். கிணற்றடிக்குப் போனோம்.

“கிணத்துக்குள்ள ஆமை ஒண்டு இருக்கு அன்ரி. தண்ணி துப்புரவா இருக்கிறதுக்கு மாமா விட்டது. வாளி அடிச்சு அதுட ஓட்டுல ஒரு பக்கம் வெடிச்சிருக்கும்.”

“இடப்பக்கம்” என்றார் அன்ரி.

தூக்கத்தில் கதைப்பவர் போல, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். சொன்னதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கண்ணைத் திறந்தேன். எந்தப் பக்கம் என்று உம்மாகூடச் சொன்னதில்லை.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“சும்மா சொன்னன், பிள்ளை.” யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, “இண்டைக்கே வீட்டுக்குப் போவியளோ?” என்றார்.

“ஓம். நேரா ஊட்டுக்குத்தான்.”

“போய்?”

“ஆராச்சும் உள்ளுக்கு இருந்தா உறுதியக் காட்டி, பொலிசக் கூட்டிட்டு வந்து எழுப்பிறதாம். சாமானெல்லாம் ரோட்டுல வைக்கிறதாம். மாமா சொன்னாரு.”

மாமா வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இப்படித்தான் வீரம் கதைப்பார். வெளியே பொலிஸ்காரரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகிற ஆள். ஆனால் அதை நான் அன்ரிக்குச் சொல்லவில்லை.

அவர் ஆஸ்பத்திரிப் பையை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். அவருடைய கை என் கையில் பட்டது. மத்தியான வெயிலில் அது குளிர்ந்திருந்தது.

காணாத வீட்டின் கிணற்றுக்குள் பார்க்கக்கூடியது யார்? ஓதப்பள்ளியில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள் எல்லாம் சொல்லித் தந்திருக்கிறாள். ஜின் மனுச உருவத்தில் வரும். முகம், கை எல்லாம் சரியாக வந்துவிடும், கால்தான் சரிவராது. இனிப்பை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டுக் குனிந்தேன்.

சேலைக் கரைக்குக் கீழே இரண்டு செருப்புகள். ஒன்றில் புழுதி படிந்த, பித்தவெடிப்புள்ள கால். மற்றதில் இருந்ததும் கால் மாதிரித்தான் இருந்தது. விரல்கள் ஐந்தும் இருந்தன. ஆனால் நகம் இல்லை, நரம்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. முழுக்க ஒரே தேத்தண்ணி நிறம். பஸ் குலுங்கும்போது முதலாவது கால் செருப்பை இறுக்கிப் பிடித்தது. மற்றது பிடிக்கவில்லை. எதுவும் நடக்காத மாதிரி இருந்தது.

நிமிர்ந்து யன்னலோடு ஒட்டிக்கொண்டேன். ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினால் நடுவில் தடக்குகிறது, திரும்ப முதலில் இருந்து ஓதுகிறேன். உம்மாவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஜின்னுக்குக் கோபம் வரும், வீட்டை ஏதாவது செய்துவிடும். வீடு இருக்க வேண்டும். பேசாமல் இருந்தேன். இன்னொன்றும் அந்த ஓதப்பள்ளிப் பிள்ளை சொல்லியிருந்தாள்: ஜின் கடலைத் தாண்டாது. முன்னால் பாலம் இருக்கிறது.

பாலத்தடியில் சோதனைச்சாவடி. “ஒக்கொம பஹின்ன!” என்று ஆமிக்காரர் கத்த, எல்லோரும் இறங்கினோம். ஆம்பிளைகள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பைகளைத் திறந்து காட்டிவிட்டு நடந்துபோய் மறுபடியும் ஏற வேண்டும். நான் உம்மாவின் ஹபாயாவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அன்ரி வரிசையின் கடைசியில், ஒரு கால் மற்றக் காலுக்காகக் காத்திருந்து நடப்பது போல நடந்து வந்தார். பை பார்த்து முடிந்ததும் பஸ்ஸுக்கு வரவில்லை. ஒரு பனை நிழலில் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டி, போனைக் காதில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். ஜின்னுக்கு எதற்குப் போன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“ஒராள் குறையுதே?” என்றார் கொண்டக்டர்.

“அந்த மனுசி பின்னால வாறாவாம். நீங்க எடுங்க” என்றார் ஒருவர்.

தாண்ட முடியாது, எனக்குத் தெரியும், என்று மனதுக்குள் சொன்னேன்.

பாலம் என்று எங்கள் சனம் சொல்வது கடலுக்குள் நீண்டு போகும் முழுப் பாதையையும். காற்று இல்லை. கடலும் வானமும் ஒரே வெள்ளை, நடுவில் கோடு இல்லை. எதன்மேல் பஸ் போகிறது என்றே தெரியவில்லை. சண்டையில் உடைந்த பழைய பாலத்தின் இரும்புகள் தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தன. புதியதில் நாங்கள் போகப் போக அவை பக்கத்தில் கூடவே வருவது போல இருந்தது. உம்மா கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்துக் கதிரை காலியாக இருந்தும் நின்றுகொண்டு வந்தவர்களில் ஒருவரும் அதில் இருக்கவில்லை. நான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மன்னாரில் உம்மா பெரிய பள்ளியில் லுஹர் தொழுதார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் தொழுதார். போகப் பயந்து நேரத்தைக் கடத்தியிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. பிறகு நடந்தோம். தையல் கடை இருந்த இடத்தில் போன் கடை இருந்தது. மற்றதெல்லாம் நாங்கள் வெங்காயத் தோட்டத்தில் நடந்த அதே தூரத்தில் வந்தன. மூன்றாவது ஒழுங்கையின் முனையில் நின்ற ஒரு சின்னப் பெண் எங்களைக் கண்டதும் திரும்பி ஓடினாள்.

வீடு இருந்தது.

பச்சை கழன்று துரு ஏறிய கேற், திறந்தபடி. கொடியில் சின்னச் சட்டைகள், தண்ணீர் சொட்டிக்கொண்டு. படியில் ஓர் அப்பியாசக் கொப்பி விரித்தபடி. பாதிக் கணக்கு, பக்கத்தில் பென்சில். பின்பக்க அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. “ஊட்டுல ஆரு?” என்று உம்மா மூன்று முறை கூப்பிட்டார். ஒரு சத்தமும் இல்லை. கோழிகூட இல்லை. சோறு மட்டும் சளசளத்தது.

நான் கிணற்றடிக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீருக்குள் இருந்து மெதுவாக ஒரு முதுகு மேலே வந்தது. வெடிப்பு இடப்பக்கத்தில் இருந்தது.

திரும்பியபோது உம்மா வாசலில் நின்று உள்ளே என்னத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனேன். “வராதீங்க மகள், அங்கேயே நில்லுங்க” என்றார். பிறகு பின்பக்கம் போய், சோற்றுப் பானையை இறக்கி, கஞ்சியை வடித்து, தட்டால் மூடி வைத்தார். அடுப்பு விறகை வெளியே இழுத்து அணைத்தார். கேற்றைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். உறுதி பைக்குள்ளேயே இருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது எல்லோரும் எங்கள் முற்றத்தில் கூடியிருந்தார்கள். “என்ன தங்கச்சி? ஊடு?” என்று மாமா பாய்ந்து கேட்டார்.

“ஊடு இல்ல நானா” என்றார் உம்மா. “தரைமட்டம். கிணறும் தூந்து போச்சு.”

நான் வாயைத் திறந்தேன். உம்மா என் தோளைப் பிடித்த பிடியில் மூடிக்கொண்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்: வீட்டை ஜின் பிடித்துவிட்டது, அதன் பெயரைச் சொல்லக் கூடாது, உம்மா அதனால்தான் மறைக்கிறார். அதற்குப் பிறகு வெங்காயத் தோட்டத்தில் “ஊருக்குப் போவோம்” என்று கிளம்பினால், பாமசி தாண்டியதும் எல்லோரும் எங்கள் மூன்றாவது ஒழுங்கையை விட்டுவிட்டு, நாலாவது ஒழுங்கையில் தொடங்குவார்கள். நான் அகதி வரிசையிலேயே படித்து முடித்தேன்.

பதினொரு வருசம் கழித்து, பல்கலைக்கழக விடுதியில் முதல் நாள். என் அறைத் தோழி, வன்னிப் பிள்ளை, கட்டிலில் இருந்து பாவாடையை முழங்கால் வரை தூக்கினாள். பட்டியைத் தளர்த்தி, காலைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தாள். நகமில்லாத ஐந்து விரல்கள். தேத்தண்ணி நிறம்.

“என்னடி, பேயைக் கண்ட மாதிரிப் பார்க்கிறாய்? கால்தான். ஷெல் பட்டது. தொட்டுப் பார், கடிக்காது.”

நான் தொட்டேன். பிறகு அழுதேன். அவள் தன் காலுக்காக அழுகிறேன் என்று நினைத்து என்னைத் திட்டினாள். அன்றிரவு எல்லாவற்றையும் மறுபடி வரிசைப்படுத்தினேன். பனை நிழலில் அந்த அம்மா யாரோடு கதைத்தார், அந்தச் சின்னப் பெண் எதற்கு முனையில் காவல் நின்றாள், என் வாயிலிருந்து போன பொலிஸ் எவ்வளவு வேகமாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, உம்மா எதற்காக அந்த வீட்டைத் தரைமட்டம் என்றார். அந்த வீட்டில் இருந்தவர்கள் தூரத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். வேலிக்கு அப்பால் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, ஓட்டை வழியாகப் பார்த்திருப்பார்கள்: கறுப்பு உடுப்பில் ஒரு பெண், பேசாமல் வந்து, தங்கள் அடுப்படிக்குள் போய், சோற்றை வடித்து வைத்துவிட்டுப் போவதை.

போன பெருநாளைக்கு உம்மாவிடம் கேட்டேன். “உம்மா, ஊடு உண்மையாவே இல்லியா?”

“இல்ல மகள்” என்றார். வட்டிலப்பம் வெட்டிய கத்தி நிற்கவில்லை.

தோழியின் பெரியம்மா மன்னாரில் இருக்கிறார். அவர் மூலம் அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: ஒருத்திதான் வருவாள், ஒன்றும் கேட்க மாட்டாள், இருக்கச் சொன்னால் கொஞ்ச நேரம் இருப்பாள். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் வருகிற சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் ஏறுவேன். பதில் வராவிட்டால் பாலத்தடியில் இறங்கிக்கொள்வேன். அதற்கு அப்பால் போக, அவர்கள் வரச் சொல்ல வேண்டும்.