ஒழுகாத டப்பா

இன்று ராயபுரத்தில் ஒரு பாத்திரக் கடை. திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் மகள் ஜெனியோடு, அவளுக்குச் சாப்பாட்டு டப்பா வாங்க ஓர் இளம் தாய் வந்திருந்தாள்.

"கொழம்பு ஒழுகிச்சின்னா புக்கெல்லாம் மீன் வாசன அடிக்கும் அண்ணாச்சி. டைட்டா கீறதா குடு."

அண்ணாச்சி ஒரு சிவப்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அழுத்தி மூடி, தம் தலைக்கு மேலேயே கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

பக்கத்தில் நின்ற எனக்குச் சும்மா இருக்க வராது. "மொதல்ல கொழந்தை தொறக்கட்டும்மா" என்றேன்.

ஜெனி இழுத்தாள், கடித்தாள். மூடி அசையவில்லை.

தாயின் முகம் வாடிவிட்டது. "பட்டினியா கெடப்பாளே! மிஸ்ஸு தொறந்து தர மாட்டாங்களா ஆன்ட்டி?"

"எத்தனை டப்பாதான் தொறப்பாங்க? இவளே பழகணும். இங்க கொடு, நான் சொல்லித் தரேன்."

கான்வென்ட் பள்ளியில் ஒழுங்காகப் பழக்கப்பட்ட கைகள் என்னுடையவை. மூடி அசையவில்லை.

ஜெனி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த சாதாரண எவர்சில்வர் டப்பாவை எடுத்து, ஒரே இழுப்பில் திறந்தாள்.

"இது ஒழுகும்டி!"

"கொழம்பு வாணாம்மா. வறுத்த மீனு வெச்சிக் குடு."

முடிந்தது விஷயம். கிளம்பும்போது ஜெனி என்னிடம் சொன்னாள்: "ஆயா, நீ வூட்ல தொறந்து தொறந்து பழகு."

விடுவேனா? சிவப்பு டப்பாவை நானே வாங்கி வந்துவிட்டேன். அண்ணாச்சி ஊற்றிய தண்ணீர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. திறக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வரலாம், காபி உண்டு.