மூச்சக்கா பேசிய படம்

மூச்சக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய அம்மா சலித்துக்கொள்வாள். சாப்பிடுவது நின்றபடி, தலை வாருவது நடந்தபடி. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. வேற்றுமொழிச் சண்டைப் படங்களைத் தமிழாக்கும்போது, கதாநாயகி மாடிப்படியில் ஓடினால் இரைப்பது, வயிற்றில் குத்து வாங்கினால் முனகுவது, ஜன்னலிலிருந்து விழுந்தால் அலறுவது, எல்லாம் இவள். பேசுவது மட்டும் வேறொருத்தி. அதனால்தான் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் மறந்துபோய், காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் மூச்சக்கா ஆகிவிட்டாள்.

"அம்மா, இந்தப் படத்துல நீ எங்க வர்ற?" என்று மகள் கேட்டால், "அடி விழற இடமெல்லாம் நான்தான்டி கண்ணு" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

ஒருநாள் வீட்டில் கழுத்தை நெரிக்கும் காட்சிக்குப் பழகிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். திறந்த கணவர், பாவம், பேருந்து ஓட்டும் சாதுவான மனிதர், கையில் வெங்காயமும் கத்தியுமாக நின்றார். "சார், அது அவ தொழில் சார்" என்று விளக்கி முடிப்பதற்குள் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

இந்த முறைதான் முதன்முதலாகப் பேச்சு கிடைத்தது. இரண்டு பள்ளித் தோழிகளின் கதை அந்தப் படம். ஒருத்தி காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் பயந்தாங்கொள்ளி. இன்னொருத்தி உளவாளி. பல வருஷம் கழித்து உளவாளி, ஒரு பட்டாளமே துரத்த, பயந்தாங்கொள்ளியின் வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாக வந்து விழுகிறாள். அப்புறம் படம் முழுக்க ஓட்டமும் உதையும் சிரிப்பும்தான். பயந்தாங்கொள்ளிக்கு மூச்சக்காவின் குரல்.

உளவாளிக்குக் குரல் கொடுக்க வந்தவளைக் கண்டதும் மூச்சக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. ஊரில் யார் எங்கே தொலைபேசியில் அழைத்தாலும், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று தேனாய் ஒரு குரல் வருமே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி. மூச்சக்காவுக்கோ அவள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி.

அந்தத் தோழிக்குப் பள்ளியில் வைத்த பெயர் ஊமை. நாலு பேர் எதிரில் குரல் வெளியே வராது. தண்ணீர்க் குழாயடியில் மூச்சக்காவிடம் மட்டும் கிசுகிசுவென்று கொட்டித் தீர்ப்பாள். டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வருகைப்பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். கண்ணெதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு 'வரவில்லை' என்று போடுவார் அந்தப் புண்ணியவதி. பொறுக்க முடியாமல் மூச்சக்கா ஒருநாள் குனிந்துகொண்டு, கீச்சுக் குரலில் அவளுக்காக "உள்ளேன் டீச்சர்" என்றாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் மூச்சக்கா முதன்முதலில் குரல் கொடுத்தது அங்கேதான்.

ஒருமுறை தொலைபேசியில் ஏதோ புகார் சொல்லக் காத்திருந்தபோதுதான் அந்தக் குரலை அடையாளம் கண்டாள். "அடியே, நான்தான்டி!" என்று கத்தினாள். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது குரல்.

இப்போது நேரிலும் கிட்டத்தட்ட அதே பதில்தான். "ஏய், என்னைத் தெரியலையா?" என்று கையைப் பிடித்ததற்கு, தோழி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, "மன்னிக்கணும். நிறைய பேரைப் பார்க்கிறேன். ஞாபகம் இல்லைங்க" என்றாள். ஆனால் அந்தக் கண்ணில் ஞாபகம் இருந்தது. கூடவே பயமும் இருந்தது. ஊமை என்ற பெயரை இவள் இங்கே போட்டு உடைத்துவிடுவாளோ என்ற பயம்.

மூச்சக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. 'நானா உன்னைக் காட்டிக் கொடுப்பேன்?' என்று மனசுக்குள் பொருமினாள்.

பதிவு தொடங்கியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மைக், எதிரே திரை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர். குளியலறையில் விழுந்த உளவாளி கேட்க வேண்டும், "என்னைத் தெரியலையா உனக்கு?" பயந்தாங்கொள்ளி சொல்ல வேண்டும், "தெரியாம என்னடி!" வாயசைவெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. உயிர்தான் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

"என்னம்மா இது, ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற மாதிரி பேசுறீங்க!" என்று ஒலிபெருக்கியில் இயக்குநர் எரிந்து விழுந்தார். "மதியம் படக் கம்பெனி மேடம் கேட்க வர்றாங்க. மூச்சக்கா, அப்பவும் சரியா வரலேன்னா நீங்க மறுபடி மூச்சுக்கே போயிடுங்க. பேச வேற ஆள் வச்சுக்கிறேன்."

தப்பு இருவருடையது, தலை ஒருத்தியுடையது. பெரிய குரலை யார் மாற்றுவார்கள்? மூச்சக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தாள். 'தெரியாம என்னடி, தெரியாம என்னடி' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "இப்பதான் துடைச்சேன், கொஞ்சம் ஓரமா நடங்கம்மா" என்று துப்புரவு செய்கிறவள் கடிந்துகொண்டாள். மகளிடம் வேறு, இந்தப் படத்தில் பேசுகிறேன் என்று பெருமையடித்து வைத்திருந்தாள்.

மதியம் மேடம் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இவர்களைப் பார்த்தார். அவ்வளவுதான். பக்கத்தில் முதல் மைக்கில் நின்ற தோழியின் முகம் வெளுத்தது. ஒலிப்பொறியாளர், "முதல் மைக், பேசுங்கம்மா" என்றார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. "முதல் மைக் வேலை செய்யலையா? அம்மா, இருக்கீங்களா?" ஊரையே காத்திருக்கச் சொன்ன குரல் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது.

மூச்சக்கா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். தலை தானாகக் குனிந்தது, கீச்சுக் குரல் தானாக வந்தது.

"உள்ளேன் டீச்சர்!"

தோழியிடமிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டது. தேனுமில்லை, பாலுமில்லை, மூக்கால் வரும் அசல் சிரிப்பு. "எருமை! நீ இன்னும் திருந்தலையாடி?" என்று மூச்சக்காவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். மூச்சக்காவிடமிருந்து தொழில்முறையில் ஒரு "ஹக்" வந்தது.

"அதேதான்! அப்படியே பிடிங்க, படத்தை ஓட்டு!" என்று இயக்குநர் துள்ளினார்.

"என்னைத் தெரியலையா உனக்கு?" என்று உளவாளி கேட்டாள். குரல் லேசாக உடைந்திருந்தது. அது கேள்வியாக இல்லை, மன்னிப்பாக இருந்தது. "தெரியாம என்னடி!" என்றாள் மூச்சக்கா. அந்த 'டி' மட்டும் திரையில் வாய் மூடிய பிறகும் கொஞ்சம் நீண்டது. யாரும் மறுபடி எடுக்கச் சொல்லவில்லை.

காட்சி முடிந்ததும் ஒலிபெருக்கியில் மேடத்தின் குரல் கேட்டது. "அந்தப் பயந்த பொண்ணுக்குப் பேசினது யாரு?"

போச்சு, நம்மைத் தூக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள் மூச்சக்கா. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். எத்தனையோ கதாநாயகிகளுக்கு மூச்சு கொடுத்தவளுக்குச் சொந்த மூச்சு வரவில்லை. ஓயாத கால்கூட அசையாமல் நின்றது.

"நல்லா இருந்துச்சு. அவங்களே முழுசும் பேசட்டும். யாரு அவங்க, உள்ள இருக்காங்களா?"

மூச்சக்காவின் கண் நிறைந்து வழிந்தது. பக்கத்தில் தோழி அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டு, முதல் மைக்கில் குனிந்தாள்.

"உள்ளேன் டீச்சர்" என்றாள்.

மூச்சக்காவின் குரல் மாதிரி அது கொஞ்சங்கூட இல்லை.